பூசணிப் பூவும் வெள்ளைப் பாவும்

திலகவதி முன்வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருக்க, ஜெகநாதன் சைக்கிளைப் பின்சந்தில் சாத்திவிட்டுச் சத்தமில்லாமல் கொல்லைக்குள் நுழைந்தார். பூசணிக்கொடியில் ஓர் ஆண்பூவைக் கிள்ளி, இதழை உரித்து, பிஞ்சோடு மலர்ந்திருந்த பெண்பூவின் நடுவில் சுற்றிச் சுற்றித் தடவினார். பிறகு ஒன்றும் அறியாதவர்போல முன்பக்கமாக வந்து, "இன்னா திலகம்மா, காபி கீதா?" என்றார்.

பாவு இணைப்பது அவர் தொழில். திலகவதி வீட்டுத் தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்வரிசையான பழைய பாவு முடியும்போது, அதன் ஒவ்வோர் இழையோடும் புதுப் பாவின் ஓர் இழையை விரலால் முறுக்கிச் சேர்க்க வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் புடவையில் கோடு விழும். முருகன் பெயரை முணுமுணுத்தபடியே முறுக்குவார். வெற்றிலை போடமாட்டார், பட்டில் தெறிக்குமாம். தும்மல் வந்தால் தெருவுக்கு ஓடிப்போய்த் தும்முவார்.

முந்தின நாள் அவர் பாதி வேலையில் இருந்தபோதுதான் திலகவதி புலம்பினாள். முதல் காய் படவேட்டு அம்மனுக்கு என்று வேண்டிக்கொண்டு விதை போட்டவள். பிஞ்செல்லாம் மஞ்சளடித்து உதிர்ந்துவிட்டது. "எவளோ பிஞ்ச வெரல நீட்டிக் காட்டிக் கண்ணு வெச்சிட்டாண்ணா. பேஜாரு! நாளைக்கு வேரோட புடுங்கிடப் போறேன்."

காபி குடித்துவிட்டு இழையைத் தொட்டவரின் கை அப்படியே நின்றது. வெள்ளைப் பாவில் மஞ்சள் பொட்டுகள். திலகவதி பதறி ஈரத்துணியோடு ஓடிவந்தாள்.

"தண்ணி வெக்காதம்மா, கறை புடிச்சிக்கும்!" கறைபட்ட நுனிகளைக் கத்தரித்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு மறுபடி முறுக்க ஆரம்பித்தார்.

"ஏண்ணா, இது பூசணிப்பூத் தூளாச்சே. எங்கொடியில உங்களுக்கு இன்னா வேல?"

"தேனீ இந்தப் பக்கமே காணோம். பொம்பளப் பூவுக்கு மாப்ள எப்புடி வருவான்? நான் தரகர் வேல பாத்தேன்." சிரித்தார். "அந்தத் தூளு ஒவ்வொண்ணும் நூலாட்டம் உள்ள எறங்கும்மா. ஒரு நூலு போயி ஒரு முட்டையோட சேந்தா ஒரு கரு. அது வளந்தா வெதை. கரு கூடுனாத்தான் காய் நிக்கும். சேவல் சேராத கோழி முட்டைய அடவெச்சா பொரிக்குமா? அந்தக் கததான்."

திலகவதி கொடியைப் பிடுங்கவில்லை. பிஞ்சும் விழவில்லை, நாளுக்கு நாள் பருத்துக் குடத்தளவு ஆனது.

காயை அறுத்த அன்று, முள்ளிப்பட்டுக்கு வேலைக்குக் கிளம்பிய ஜெகநாதனை அவள் தெருவிலேயே மறித்தாள். "கோயில்ல உங்க கையால குடுங்கண்ணா. நீங்கதான சேத்து வெச்சீங்க."

அவர் சைக்கிளிலிருந்து ஒரு காலை ஊன்றி நின்றார்.

"நான் வாசப்படி வரைக்கும் கொண்டாந்து உட்டேன், அவ்ளோதான். உள்ள இருட்டுல சேத்து வெச்சவ படவேட்டுல குந்திகினு கீறா. அவகிட்டயே போயி நான் சேத்தேன்னு குடுத்தா சிரிச்சிடுவாம்மா. நீயே குடு."