துரை வீட்டுத் திருஷ்டிப் பானை

இது சத்தியமான கதை என்று சொல்லித்தான் கராமாவில் எங்கள் ரூமில் எல்லோரையும் உட்கார வைத்தேன். சத்தியம் என்றால் முக்கால்வாசி. மீதியைக் கொஞ்சம் இழுத்திருப்பேன். கதையும் பரோட்டா மாவும் இழுத்தால்தான் ருசி.

நம்ம சிவசங்கரன் அறந்தாங்கிப் பக்கத்துக் கொத்தனார். அவன் பூசிய சுவரில் ஈ உட்கார்ந்தால் வழுக்கி விழுந்து இடுப்பை ஒடித்துக்கொள்ளும். வெள்ளைக்காரன் இந்த வளைகுடாக் கரையில் அதிகாரம் பண்ணிய காலத்தில் ஒரு துரை குடியிருந்த மாடிவீட்டை மியூசியமாக்குகிறார்கள். அங்கேதான் அவனுக்கு டியூட்டி. லண்டனிலிருந்து வரும் மேடம் பார்த்துச் சரி சொன்னால் லீவு, தங்கச்சி பஞ்சவர்ணத்தின் கல்யாணத்துக்குப் போகலாம். இல்லையென்றால் லீவு மாஃபி, அரபியில் கிடையவே கிடையாது.

கட்டடத்தில் கை வைத்தால் கண்ணு படாமல் இருக்க வேண்டாமா? வாசலின் இடது தூணில் ஒரு பானையைக் கட்டினான். சுண்ணாம்பில் முகம், கரியில் மீசை, முழ நீளத்துக்கு நாக்கு. மேடம் வருகிற அன்று கழற்ற மறந்துவிட்டான்.

மேடம் பானையையே பார்த்தாள். எஞ்சினியர் விஜயபாஸ்கருக்கு வேர்த்த வேர்வையில் ஒட்டகத்தையே குளிப்பாட்டலாம்.

"துரையைக் கிண்டல் பண்ண அந்தக் காலத்து ஜனங்க செஞ்சதா?" என்று இங்கிலீஷில் கேட்டாள்.

எஞ்சினியர் பலமாகத் தலையாட்டினார்.

"அப்போ இதுவும் சரித்திரந்தான். ஆனா துரைங்க வீட்டுல தூணு, ஜன்னல் எல்லாமே ரெண்டு பக்கமும் ஒண்ணுபோல இருக்குமே. வலது பக்கத்துப் பானை எங்க?"

"உடைஞ்சிருச்சு மேடம். சாயங்காலத்துக்குள்ள செஞ்சு வெச்சிடறோம்," என்றார் எஞ்சினியர்.

சிவசங்கரன் அவசரமாக இன்னொரு பானையில் முகம் வரைந்து வலது தூணில் கட்டினான். மேடம் விழுந்து விழுந்து சிரித்தாள், கையெழுத்துப் போட்டாள், போய்விட்டாள். சைட்டில் எல்லோரும் புதுப் பானையைப் பார்த்தார்கள். பிறகு எஞ்சினியரைப் பார்த்தார்கள். எஞ்சினியரும் பானையைப் பார்த்தார்.

"இது யாரு மூஞ்சின்னு நாளைக்கு எல்லாரும் வந்து சொல்லுங்க. லீவு அப்புறம்," என்றார்.

கதையை இங்கே நிறுத்தி, போனில் எடுத்த பானைப் படத்தைச் சுற்றுக்கு விட்டேன்.

"அது சார் இல்லன்னு எல்லாரும் ஒரே வாயாச் சொல்லிருங்கப்பா," என்றான் மூலையில் பெட்டி கட்டிக்கொண்டிருந்த சிவசங்கரன்.

கூட வேலை பார்க்கும் மணிகண்டன் படத்தை உற்றுப் பார்த்தான். "மூக்கு அவரு மூக்குதான்டா. இல்லன்னு சொல்ல வாயத் தொறந்தாலே எனக்குச் சிரிப்பு வந்துரும்."

"அந்த மூக்கு எங்க மச்சானுக்குந்தான் இருக்கு," என்றார் கீழே அத்தர் கடை வைத்திருக்கும் மீராசா. "உங்க சாரு மட்டும் குத்தகைக்கா எடுத்திருக்காரு?"

"நீங்க கடையில உக்காந்திருப்பீங்க பாய். அவரு முன்னாடி நிக்கப்போறது நாங்க."

"நிக்கத் தெரியாதவன் படத்த ஏன்டா புடிச்சிருக்க? குடுறா இப்படி," என்று மீராசா கையை நீட்டினார்.

"மூக்க விடுங்க, காதப் பாருங்க, அப்படியே அவரு காது," என்றேன் நான்.

"டேய், நீ யாரு பக்கம்டா?" என்று சிவசங்கரன் எழுந்தான். முதல் தலையணை பறந்தது.