கண்ணுக்குக் கீழே ஒரு புண்

2003-ஆம் ஆண்டு, டெல்லியில் குளிர் விலக ஆரம்பித்திருந்த பிப்ரவரி மாதம். மத்திய அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்று, ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸைக் காலி செய்து ஜனக்புரிக்குக் குடிவந்திருந்தோம். குவார்ட்டர்ஸ் படிக்கட்டில் தானாக வந்து ஒட்டிக்கொண்ட தெருநாய் லட்டுவும் கூடவே வந்திருந்தது. பேரன் பேத்திகள் எதற்கும் இந்தியிலேயே பதில் சொன்ன வீட்டில், என் மனைவி பேசிய தமிழை முழுதாகப் புரிந்துகொண்டது அது ஒன்றுதான்.

லட்டுவின் வலது கண்ணுக்குக் கீழே ஒரு வீக்கம் வந்து, உடைந்து, சீழ் வடிந்தது. மருந்து கொடுத்தால் ஆறும், நிறுத்தினால் திரும்ப வரும். எங்கள் இலாகாவில் பல கோப்புகளின் போக்கு இதுதான் என்பதால் முதலில் நான் கவலைப்படவில்லை. பிறகு அது சாப்பாட்டை நிறுத்தியது. அதைப் பார்த்து என் மனைவியும் ஏறக்குறைய நிறுத்தினாள். பக்கத்து டாக்டர், இது புற்றுக்கட்டியாகத்தான் இருக்கும், வயதும் ஆகிவிட்டது, ஊசி போட்டு அனுப்பிவிடுவதுதான் கருணை என்றார்.

தெற்கு டெல்லியில் இருந்த ஒரு தர்ம விலங்கு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். ஊசிக்குச் சம்மதம் என்ற தாளை முழுதாகப் படித்து, அதிலிருந்த ஒரு பிழையைத் திருத்தி, பக்கத்தில் சுருக்கொப்பமிட்டு, கீழே கையெழுத்தும் போட்டேன். அந்த நேரத்தில் மனதை வேறு எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

அன்று அங்கே ஒரே கூட்டம். வெளிநாட்டிலிருந்து வந்திருந்த ஒரு பெண் டாக்டர், விலங்கு மருத்துவமனை நர்ஸ்களுக்குப் பல் சிகிச்சையில் மேற்பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தார். மனிதனுக்கே அரசு ஆஸ்பத்திரியில் பல்லைப் பிடுங்குவது ஒன்றுதான் சிகிச்சை, நாய்க்கு மேற்பயிற்சியா என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டேன்.

நடையில் உட்கார்ந்து, மடியிலிருந்த லட்டுவிடம் என் மனைவி மெதுவாகத் தமிழில் பேசிக்கொண்டிருந்தாள். டீ குடிக்க வெளியே வந்த ஒரு நர்ஸ் அதைக் கேட்டு நின்றாள். திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். பிள்ளைக்கு என்ன என்று விசாரித்தாள். நான் சொன்னேன். அவள் மண்டியிட்டு, லட்டுவின் உதட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, எந்தப் பக்கமாக மெல்லும் என்று கேட்டாள். பல மாதமாக இடது பக்கம்தான் என்றாள் மனைவி.

“சார், இது பல்லு வேர்ல சீழ் பிடிச்சதா இருக்கலாம். இந்தப் பல்லோட வேரு கண்ணுக்குக் கீழதான் போய் நிக்கும். இன்னைக்குக் காலைலதான் எங்களுக்கே சொல்லித் தந்தாவ. நேத்து வந்திருந்தீங்கன்னா எனக்கும் தெரிஞ்சிருக்காது.”

கையெழுத்துப் போட்டாகிவிட்டதே என்று தாளைக் காட்டினேன்.

“ஊசி இன்னும் போடலைல்லா?” என்றவள், தாளை என் கையிலிருந்து வாங்கி இரண்டாகக் கிழித்தாள். என் பணிக்காலமாக இருந்தால் அன்றே அவளிடம் விளக்கம் கேட்டு மெமோ போயிருக்கும்.

எக்ஸ்ரேயில் அவள் சொன்னது சரியாக இருந்தது. மத்தியான வகுப்பில் தானே எடுத்துவிடுவதாகப் பயிற்சி கொடுக்க வந்த டாக்டர் சொன்னார். மூன்று வேர் உள்ள பல். துண்டாக்கி, ஒவ்வொரு வேராக எடுக்க வேண்டும். ஆனால் இதயம் பலவீனம், மயக்கத்திலிருந்து எழாமலே போகலாம் என்றார். நான் மனைவியைப் பார்த்தேன்.

“எப்படியும் விட்டுட்டுப் போகத்தானே வந்தோம்” என்றாள்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தோம். மற்றவர்கள் எல்லாரும் லட்டுவின் வாயையே பார்க்க, அந்தத் திருநெல்வேலிப் பெண் மட்டும் அதன் மார்பில் கை வைத்து மூச்சைக் கவனித்துக்கொண்டிருந்தாள். நடுவில் ஒருமுறை அவள் ஏதோ சொல்ல, எல்லாக் கைகளும் நின்றன. லட்டுவின் வாய்க்குழாயில் மாட்டியிருந்த மூச்சுப்பையை அவள் அழுத்திக்கொண்டே இருந்தாள். மனைவி என் கையைப் பிடித்திருந்த பிடியில் விரல்கள் மரத்துப்போயின. பிறகு வேலை தொடர்ந்தது.

பல் வந்துவிட்டது, லட்டு எழவில்லை. மற்ற நர்ஸ்கள் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போட்டோ எடுக்கப் புல்வெளிக்குப் போனார்கள். அந்தப் பெண் கம்பளியும் வெந்நீர்ப் பாட்டில்களுமாகத் தரையில் நாயோடு உட்கார்ந்துவிட்டாள். அவளைக் கூப்பிடுகிறார்கள் என்று நினைவூட்டினேன்.

“போட்டோல ஒரு ஆள் கொறஞ்சா ஒண்ணும் ஆயிராது சார்” என்றாள். லட்டுவின் முதுகைத் தேய்த்தபடியே, “எந்திரிலே மக்கா. அம்மா நிக்காவ பாரு” என்றாள். இடையிடையே இயேசுவையும் கூப்பிட்டுக்கொண்டாள். வெகுநேரம் கழித்து ஒரு காது அசைந்தது. பிறகு கண் திறந்தது. என் மனைவி அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்ததும், பசிக்கிறது என்றாள்.

புண் ஆறியது. லட்டு அதன்பின் மூன்று வருடம், ரொட்டியைக்கூட வலது பக்கமாகக் கடித்துத் தின்றுகொண்டு இருந்தது. நன்றி சொல்ல இனிப்போடு போனபோது, பயிற்சி முடிந்து அந்தப் பெண் ஊருக்குப் போய்விட்டாள் என்றார்கள். எங்களிடம் மிஞ்சியது அவள் பெயர் மட்டும்தான்.

ஆர்.கே.புரத்து முருகன் கோயிலான மலை மந்திருக்குப் போகும்போதெல்லாம் என் மனைவி அந்தப் பெயருக்கு ஓர் அர்ச்சனை செய்வாள். கிறிஸ்தவப் பெயரைக் கேட்டு அர்ச்சகர் ஒரு கணம் நிமிர்ந்து பார்த்துவிட்டு, நட்சத்திரம் கேட்பார். இவள் தயங்காமல் தன் நட்சத்திரத்தையே சொல்லிவிடுவாள். முறைப்படி அந்த அர்ச்சனை செல்லாது. ஆனால் எல்லா முறையும் தெரிந்த எனக்கு, அந்தப் பெண்ணுக்கு நன்றி சொல்ல இதைவிடச் சரியான வழி இன்றுவரை தெரியாததால், நானும் பக்கத்தில் நின்று கைகூப்புகிறேன்.