அன்று கிளம்பாத லாரி

அக்கா இல்லாத முதல் வருடம் இன்றோடு முடிகிறது. திதிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் ஊர்க்காரர்களுக்கும், அக்காவின் ஒரே தம்பியாகிய நான் இதை எழுதுகிறேன். நல்லதை மட்டும் எழுது என்று வீட்டில் பெரியவர்கள் சொன்னார்கள். அக்காவைப் பற்றி எழுத நல்லது நிறைய உண்டு. ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டால் நான் பொய் எழுதியவனாவேன்.

அக்கா பிறந்தது திருவந்திபுரத்தில். எங்கள் அப்பா கெடிலத்துக் கரையில் கரும்பு பயிரிட்டவர். அக்கா பத்தாவது முடித்த வருடம் அம்மா காலமாகிவிட்டார். படிப்பு அத்தோடு நின்றது. அப்போது எனக்கு ஆறு வயது. குளிப்பாட்டியது, தலை சீவியது, காய்ச்சல் வந்தால் தோளில் போட்டுக்கொண்டு நடந்தது எல்லாம் அக்காதான்.

பிறகு குமராட்சிப் பக்கம் மருமகளாகப் போனார். அக்காவின் கணவர் சொந்தமாக ஒரு பழைய லாரி வைத்து, நெல் மூட்டையும் வைக்கோலும் ஏற்றி ஓட்டியவர். மகள் நாலாம் வகுப்பு படிக்கும்போது மாரடைப்பில் அவர் போய்விட்டார். லாரியை விற்றுவிடும்படி சொல்லாதவர்கள் இல்லை. அக்கா விற்கவில்லை. ஆள் வைத்து ஓட்டினார். கடலூர் பட்டறைக்கு வண்டி போனால் அவரும் கூடவே போவார். மெக்கானிக் கழற்றுவதையும் மாட்டுவதையும் நாள் முழுக்க நின்று பார்ப்பார். "இது எதுக்கு? இது போனா என்னா ஆவும்?" என்று கேட்டுக் கேட்டே எஞ்சினைக் கற்றுக்கொண்டார். குடிகாடு தொழிற்சாலையில் எனக்கிருந்த வேலை போனபோது, "வாடா, நம்ம வண்டிய நீ ஓட்டு" என்று கூப்பிட்டுக்கொண்டார். அந்த லாரிதான் மகளை ஆசிரியை ஆக்கியது. என் குடும்பத்துக்கும் சோறு போட்டது.

கடைசி இரண்டு வருடம் அக்காவுக்குச் சிறுநீரகம் வேலை செய்யவில்லை. வாரம் இரண்டு முறை சிதம்பரத்தில் டயாலிசிஸ். மினி பஸ்ஸில் நான்தான் கூட்டிப்போவேன். ஒரு முறை தவறினாலே கால் வீங்கிவிடும்.

போன வருடம் கார்த்திகையில் விடாத மழை. கொள்ளிடத்திலும் தண்ணீர் கூடிவிட்டது. பஸ் நின்றுபோனது. திங்கட்கிழமை போக வேண்டியது போக முடியவில்லை. வியாழன் காலையில் அக்காவால் படுக்கவே முடியவில்லை. உட்கார்ந்தபடியே மூச்சு வாங்கினார். ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தோம். அவர்களும் கிளம்பி வந்தார்கள், ஆனால் வழியில் மதகுக்கு மேல் தண்ணீர் ஓடியதால் திரும்பிவிட்டார்கள்.

"லாரி ஒசரம். அது போவும். எடுடா" என்றார் அக்கா.

மூன்று வாரமாக நின்றிருந்த வண்டி. சாவியைத் திருப்பினேன். செல்ஃப் மோட்டார் நன்றாகச் சுற்றியது. எஞ்சின் மட்டும் பிடிக்கவில்லை. மறுபடி திருப்பினேன். மறுபடியும் அதே கதை. சத்தம் கேட்டு பக்கத்து வீட்டு ராஜேந்திரன் ஓடி வந்தார். அக்கா வண்டி நின்ற தகரக் கொட்டகைக்கு நாற்காலியைக் கொண்டுவரச் சொல்லி, வண்டிக்கு எதிரே உட்கார்ந்துகொண்டார்.

"செல்ஃப் நல்லா சுத்துது, அப்ப பேட்டரி இல்ல. ஸ்டாப் கேபிள் உள்ள போயிருக்கா பாரு."

எஞ்சினை நிறுத்தும் அந்தக் கம்பி சரியாகத்தான் உள்ளே போயிருந்தது.

"பின்னால பொகை வருதா?"

"ஒண்ணுமே வரல யக்கா" என்றார் ராஜேந்திரன்.

"அப்ப டீசல் போவல. ஃபில்டர் மேல இருக்கிற ஸ்க்ரூவ லூஸ் பண்ணிட்டு கைபம்ப அடி. காத்து வாங்கியிருக்கும்."

அடித்தேன். குமிழ் குமிழாக வந்தது. குமிழ் நின்றதும் ஸ்க்ரூவை இறுக்கிவிட்டு செல்ஃப் அடித்தேன். கிளம்பவில்லை.

"அந்த டீசல ஒரு பாட்டில்ல புடிச்சி எங்கிட்ட கொண்டா" என்றார் அக்கா.

காலித் தண்ணீர் பாட்டிலில் பிடித்துக் கொடுத்தேன். அதை முழங்கால் மேல் வைத்து அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார். சற்று நேரத்தில் பாட்டிலுக்குள் இரண்டாகப் பிரிந்தது. மேலே டீசல். கீழே, பாதிக்குக் கொஞ்சம் குறைவாக, தண்ணீர்.

எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. கொட்டகைக்கு வெளியே இருந்த டீசல் பேரலை மழையில் மூட மறந்தவன் நான். மூன்று வாரத்துக்கு முன், வண்டியைக் கொட்டகையில் விடுவதற்குச் சற்று முன்னால், அதிலிருந்து டீசல் ஊற்றியவனும் நான். ஊற்றும்போது மூடி திறந்திருந்ததைப் பார்த்தேன். நாலு சொட்டு விழுந்தால் என்ன ஆகிவிடும் என்று வடிகட்டாமலே ஊற்றினேன்.

அக்கா என் முகத்தைப் பார்த்தார். "டேங்க எறக்கு. ஃபில்டர கழுவு" என்றார்.

எல்லாம் செய்தோம். ராஜேந்திரன் தன் டிராக்டருக்கு வைத்திருந்த நல்ல டீசலைக் கொண்டுவந்தார். டிராக்டரே வயலில் தண்ணீருக்கு நடுவில் சிக்கிக் கிடந்தது. ஊற்றி, காற்றை எடுத்து, எஞ்சினுக்குப் போகும் குழாய்களைத் தளர்த்திவிட்டு செல்ஃப் அடித்தோம். ஒரு குழாயிலும் ஒரு சொட்டு வரவில்லை. மூன்று வாரம் உள்ளேயே நின்ற தண்ணீரில், எஞ்சினுக்கு டீசலைத் தள்ளும் பம்ப் துருவேறி இறுகிவிட்டிருந்தது. அதற்குள் செல்ஃபும் முனக ஆரம்பித்துவிட்டது. மதியம் தாண்டியிருந்தது.

"பம்பு புடிச்சிக்கிச்சி. இங்க வச்சி ஒண்ணும் பண்ண முடியாது. வுடு தம்பி."

"டீசல்ல ஏது யக்கா இவ்ளோ தண்ணி?" என்று கேட்டார் ராஜேந்திரன்.

அக்கா விட்டு விட்டுப் பேசினார். "டேங்கு மூடி சரியில்ல... ஓடறப்ப மழ எறங்கியிருக்கும். மாத்தணும் மாத்தணும்னு நாந்தான் வுட்டுட்டேன்."

அந்த மூடி புதியது. ஐப்பசியில்தான் நானே வாங்கி மாட்டினேன். அக்காவுக்கும் தெரியும். நான் ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு பேசாமல் நின்றேன்.

கட்டிலோடு அக்காவைத் தூக்கிக்கொண்டு ஆறு பேர் கிளம்பினோம். மதகுகிட்டே தண்ணீர் அதற்குள் மார்புக்கு மேலே ஏறி இழுத்தது. திரும்பிவிட்டோம். மறுநாள் காலைதான் மீட்புப் படகு வந்தது. படகில் அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"அந்த பாட்டில கொட்டிட்டியா?"

"கொட்டிட்டேன்க்கா."

"செரி."

நாங்கள் இருவரும் பேசிக்கொண்டது அதுதான் கடைசி. நுரையீரலில் நீர் ஏறியிருந்தது. மூன்றாம் நாள் சிதம்பரத்தில் அக்கா போய்விட்டார். முந்தின நாளே கொண்டுவந்திருந்தால் என்று டாக்டரிடம் கேட்டேன். "அதெல்லாம் சொல்ல முடியாதுங்க" என்றார். ஒரு வருடமாக அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஆறுதலுக்கு அதில் ஒன்றுமில்லை. லாரி அதே கொட்டகையில் நிற்கிறது. பம்பைக் கழற்றக்கூட எனக்குக் கை வரவில்லை.

ராஜேந்திரனுக்கும், கட்டிலைத் தோளில் தாங்கிய ஐவருக்கும், படகோடு வந்தவர்களுக்கும், சிதம்பரத்தில் இரண்டு வருடம் அக்காவை முகம் சுளிக்காமல் கவனித்த செவிலியர்களுக்கும், தண்ணீரில் நடந்து துக்கத்துக்கு வந்த எல்லோருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

கடைசியாக, அக்காவின் மகளுக்கு. வழி அடைபட்டுக் கடலூரிலேயே தவித்துக்கொண்டிருந்தவள் நீ. பதினாறாம் நாள் காரியத்தன்று எல்லோர் முன்னாலும் என் காலில் விழுந்து, "எங்கம்மாவ உசுரா பாத்துக்கிட்டது நீங்கதான் மாமா" என்றாய். டேங்க் மூடி கெட்டிருந்தது என்று இன்றும் நம்பிக்கொண்டிருக்கிறாய். மூடி நன்றாகத்தான் இருந்தது, பாப்பா. அன்று நீ சொன்ன நன்றியை இங்கே திருப்பித் தருகிறேன். அது என்னுடையது அல்ல.