டி டிரைவில் ஒரு ஜோடி

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை பார்க்கிறேன். டிசைன் ஃபைல்களைத் திறக்க, கட்டளை தட்டச்சு செய்யும் சின்ன ஷெல் புரோகிராம் ஒன்றை எழுதிக் கொடுத்திருந்தேன். சி டிரைவில் இருந்துகொண்டு ‘டி’ என்று அடித்தால், டி டிரைவில் கடைசியாக வேலை பார்த்த ஃபோல்டருக்கே அது போய்விடும். போன மாதம் நான் செய்த ஒரு மாற்றத்தில் அது கெட்டுப்போனது.

“இன்னாமா இது, டி போட்டா வாசல்லயே நிக்குது? நேத்து வரைக்கும் நேரா உள்ள போச்சே!” என்றார் தோல் வெட்டுவதற்கான பேட்டர்ன் வரையும் தேவராஜ் அண்ணன். பார்க்கிறேன் என்றேன். மறுநாள் அவர் லீவு. வலது காலில் இருந்த சர்க்கரைப் புண்ணுக்காக வேலூர் ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தார்.

ஒரு வாரம் கழித்து ஒருவழியாகப் பிழையைத் திருத்தி, அவருடைய கம்ப்யூட்டரிலேயே சோதித்தேன். ‘டி’ அடித்ததும் ‘எனக்கு’ என்ற ஃபோல்டரில் போய் நின்றது. உள்ளே ஒரு ஜோடி ஷூவின் பேட்டர்ன். வலது காலுக்கு மட்டும், புண்ணில் உரசாதபடி கட்டைவிரல் பக்கம் தாராளமாக இடம் விட்டு வரைந்திருந்தார்.

சந்தோஷத்தில் உடனே போன் செய்தேன்.

“அண்ணே, டி டிரைவ் சரியாயிடுச்சு! உங்க ஷூவையும் பாத்துட்டேன். நீங்க வர்றதுக்குள்ள சாம்பிள் தைக்கச் சொல்லட்டா?”

“லெஃப்ட் மட்டும் தைக்கச் சொல்லும்மா. ரைட்டு காலை முந்தாநாளே எடுத்துட்டாங்க.”

போனை வைத்த பிறகும் அந்த வலது கால் பேட்டர்ன் திரையிலேயே இருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. எப்படி இருக்கீங்க என்று அவரிடம் நான் கேட்கவே இல்லை.