மெஷின்களுக்குச் சக்கரம்

புதுப்பட்டினத்தில் அப்பாவும் சித்தப்பாவும் சேர்ந்து மரப்பட்டறை வைத்திருந்தார்கள். கதவு, ஜன்னல் செய்வது தொழில். நான் ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது சித்தப்பா பைக்கிலிருந்து விழுந்து, ஒரு காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் கொடுத்த சக்கர நாற்காலியைத் தொடாமல் ஊன்றுகோலோடு வீட்டுக்கு வந்தவர், பட்டறைப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. அப்பா தினமும் கூப்பிடுவார். சித்தப்பா டிவியைப் பார்த்தபடியே "நாளைக்கு" என்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா வெல்டிங் ஆளைக் கூட்டிவந்தார். மெஷின்களை ஜாக்கி வைத்துத் தூக்கி, அடியில் இரும்புச் சட்டம் கொடுத்து, நாலு மூலையிலும் சக்கரம் மாட்டினார்கள். எதற்கு என்று அம்மா கேட்டபோது, "அடியில தூளு சேந்துகினே கீது. பாப்பா பெருக்க கஷ்டப்படுது" என்றார். பட்டறையைப் பெருக்குவது என் வேலை. எனக்காக எங்கள் அப்பா மெஷினுக்கே சக்கரம் வைத்துவிட்டார் என்று வகுப்பு முழுக்கச் சொல்லிவைத்தேன்.

அடுத்த நாள் சாயங்காலம் ஒரு வாசக்கால் அளவில் சந்தேகம் என்று சொல்லி, அப்பா சித்தப்பாவை எப்படியோ அழைத்துவந்துவிட்டார். ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்த சித்தப்பா, அறுக்கும் மெஷினை ஒரு கையால் இழுத்துப் பார்த்தார். இரண்டு ஆள் சேர்ந்தாலும் அசையாத மெஷின், சாதுவாக அவர் பக்கத்தில் வந்து நின்றது. சுவிட்சைப் போட்டு, ஒரு பலகையை எடுத்துத் தள்ளினார். மெஷின் பின்னால் நகர்ந்துவிட்டது. அவர் முன்பக்கமாகச் சரிந்தார். ஓடும் ரம்பத்தில் கை படுவதற்குள் அப்பா பாய்ந்து அவர் சட்டையைப் பிடித்துவிட்டார்.

அப்பா மெஷினை நிறுத்தினார். சித்தப்பாதான் முதலில் பேசினார்.

"இன்னாண்ணா, பிரேக் இல்லாத சக்கரத்த மாட்டி வெச்சிக்கிறே? அறிவு கீதா?"

திட்டு வாங்கிய அப்பாவின் முகத்தில் அப்படியொரு சந்தோஷம். அன்றைக்கே செங்கல்பட்டு போய் பிரேக் வைத்த சக்கரம் வாங்கிவந்தார். அதை மாட்டியது சித்தப்பா. அதற்குப் பிறகு காலையில் அப்பாவுக்கு முன்னால் அவர்தான் பட்டறையைத் திறந்தார்.

ஆனால் எனக்கு ஒரு யோசனை உறுத்திக்கொண்டே இருந்தது. ஒருநாள் அப்பாவின் காதருகே போய்ச் சொன்னேன்: "இத்தினி மெஷினுக்கு மாட்டுனதுக்கு, சித்தப்பா ஸ்டூலுக்கு மட்டும் சக்கரம் மாட்டியிருந்தா சீக்கிரம் முடிஞ்சிருக்கும்ல?"

அப்பா சட்டென்று சித்தப்பாவைத் திரும்பிப் பார்த்தார். அவர் ஸ்டூலில் இருந்தபடி இழைப்பு மெஷினைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தார்.

"மெதுவா பேசு" என்றார் அப்பா.

இவ்வளவு சுலபமான வழி அப்பாவுக்குத் தோன்றாமல் போயிற்றே என்று அன்றைக்கு எனக்குப் பாவமாக இருந்தது.