பிரேக்குக்கும் ஜம்ப்புக்கும் ஒரே ஸ்டிக்

பூல் விளையாட ஒரு ஸ்டிக் வாங்க எனக்கு மூன்று மாதம் ஆனது. பெண் பார்க்கப் போனபோதுகூட நான் இவ்வளவு யோசிக்கவில்லை. இதை வீட்டில் சொன்னால் அன்றைக்குச் சோறு கிடைக்காது. ஆனால் உண்மை அதுதான்.

நான் எலக்ட்ரீஷியன். வளைகுடாவில் வேலை பார்த்தபோது கேம்ப்பில் ஒரு பூல் மேஜை கிடந்தது. மற்றவர்கள் சீட்டாடினார்கள், நான் பந்தடித்தேன். ஊருக்குத் திரும்பி திருக்கோகர்ணத்தில் குடியேறி, ஊரில் உள்ள சுவரையெல்லாம் குடைந்து ஒயர் இழுத்ததில் வலது தோள் போனதுதான் மிச்சம். டிரில் மெஷினைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துப் பிடித்து வந்த வினை. வலி தோளில் கிளம்பி விரல்வரை இறங்கும், அப்புறம் கை மரத்துப்போகும். இரண்டு வருடமாக இதை ஒருவரிடமும் சொல்லவில்லை. தெரிந்தால் வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள். அதைவிட, பூல் ஆட்டத்தில் பிரேக் கையைவிட்டுப் போய்விடும்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மாடியில் இரண்டு மேஜை போட்ட கிளப் இருக்கிறது. எங்கள் டீமில் மூன்று பேர். குவித்து வைத்த பந்துகளைச் சிதறடித்து ஆட்டத்தைத் தொடங்கும் முதல் அடிக்குத்தான் பிரேக் என்று பெயர். பல வருடமாக அது என்னுடையது. பகல் முழுக்க அடுத்தவன் வீட்டு சுவிட்சுக்கும் மோட்டாருக்கும் ஓடுகிறவனுக்கு, என்னுடையது என்று சொல்லிக்கொள்ள அது ஒன்றுதான் இருந்தது.

அதிலும் மண் விழும்போல இருந்தது. நான் அடித்தால் பந்துகள் முன்போலப் பிரியவில்லை. டீமில் செல்போன் கடைக்காரர் ஒருவர், என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர், இரண்டு தடவை பக்குவமாகக் கேட்டுவிட்டார், பிரேக்கை வேண்டுமானால் தான் அடிக்கட்டுமா என்று. கிளப் ஸ்டிக் வளைந்துபோய்க் கிடக்கிறது, அதனால்தான் என்று சொல்லிச் சமாளித்தேன். வாயைக் கொடுத்தாயிற்று, இனி நல்ல ஸ்டிக் வாங்கியே தீர வேண்டும்.

பிரேக்குக்கும் ஜம்ப்புக்கும் சேர்த்து ஒரே ஸ்டிக் வருகிறது. முழு நீளத்தில் பிரேக் அடிக்கலாம். கைப்பிடிப் பக்கத்தைக் கழற்றிவிட்டால் முன்பாதி குட்டையாகக் கையில் நிற்கும். குறுக்கே ஒரு பந்து மறித்துக்கொண்டிருந்தால், வெள்ளைப் பந்தை அதற்கு மேலே எம்பித் தாண்டவைக்க அந்தக் குட்டை ஸ்டிக். நுனியில் தோலுக்குப் பதிலாக, பழைய பேக்லைட் சுவிட்ச் மாதிரி கெட்டியான டிப். கனமான ஸ்டிக்தான் பிரேக்குக்கு நல்லது என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். கனத்தைவிட வேகம்தான் முக்கியம் என்று செல்போனில் வீடியோ பார்த்துப் பார்த்து மண்டை காய்ந்தபிறகுதான் புரிந்தது. சும்மா பத்தொன்பது அவுன்ஸ், அரைக் கிலோ சொச்சம், போதும். தோளுக்கும் அதுதான் தாங்கும், ஆனால் இந்தக் காரணத்தை எனக்கு நானே சொல்லிக்கொள்ளவில்லை.

கேம்ப்பில் என்னோடு ஒரே அறையில் இருந்த சிநேகிதன் ஒருவன் இப்போது விராலிமலையில் கம்பெனி வேலையில் இருக்கிறான். அவனிடம் அந்த மாதிரி ஸ்டிக் இரண்டு இருந்தது. வாங்கினதில் ஒன்றை விற்கப் பார்த்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போய் இரண்டையும் அடித்துப் பார்த்தேன். ஒன்றில் ஜாயின்ட் கால்வாசி திருப்பினாலே கழன்றுவிடும். மற்றது மரையாணி, சுற்றிச் சுற்றிக் கழற்ற வேண்டும். பேசாமல் சுளுவாகக் கழல்வதை எடுத்துக்கொள்ளச் சொன்னான். நான் மாட்டேன் என்றேன். கால் திருப்பில் மாட்டுவது எதுவும் எனக்கு ஆகாது, பின் ஹோல்டர் பல்பு மாதிரி இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு லூஸ் ஆகும் என்று ஒரு பிரசங்கமே செய்தேன். அவன் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“தோளு கீளு ஏதும் பண்ணுதா மாப்ள?”

“எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்” என்று சொல்லி மரையாணி ஸ்டிக்கைத் தூக்கிக்கொண்டு வந்தேன். வீம்பு, வேறென்ன.

அடுத்து ஆயுத பூஜை வந்தது. வருடா வருடம் என் டிரில், டெஸ்டர், கட்டிங் பிளேயர் எல்லாவற்றுக்கும் என் மனைவிதான் பொட்டு வைப்பாள். அவளுடைய தையல் மெஷினுக்கும் அப்படியே. பூல் ஆட்டம் அவளுக்கு ஆகவே ஆகாது. அந்த ஆட்டத்தைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து வந்ததில்லை. அந்த வருடம் நான் குளித்துவிட்டு வருவதற்குள் ஸ்டிக்கை எடுத்து, கழற்றித் துடைத்து, மறுபடி முறுக்கி, டிரில்லுக்குப் பக்கத்தில் படுக்கவைத்திருந்தாள். ஜாயின்டைச் சுற்றிச் சந்தனம், நடுவில் குங்குமம். இது தொழிலா, பொழுதுபோக்கா என்று கேலி செய்தேன். அவள் சூடம் காட்டினாள். மறுநாள் கண்ணுக்குத் தெரிந்த சந்தனத்தைத் துடைத்துவிட்டு பிரேக் மட்டும் அடித்துப் பழகினேன். ஜம்ப் பழகவில்லை. கையை மிச்சம் பிடித்தேன்.

திருச்சியில் போட்டி. என் பிரேக் அன்றைக்கு நன்றாகவே விழுந்தது. கால் இறுதியில் இரண்டு பக்கமும் சமம், கடைசி ஆட்டம். நான் அடிக்க வேண்டிய பந்துக்கும் வெள்ளைப் பந்துக்கும் நடுவே இன்னொன்று மறித்துக்கொண்டு நின்றது. ஜம்ப்தான். அடிக்க முப்பது விநாடி. கைப்பிடியைத் திருகினேன், அசையவில்லை. துணியைச் சுற்றித் திருகினேன். ஜாயின்ட் இடுக்கில் மஞ்சளாகச் சந்தனம் காய்ந்து உட்கார்ந்திருந்தது. பார்த்ததும் பற்றிக்கொண்டு வந்தது.

“குடுங்கண்ணே, நான் பிரிக்கிறேன்” என்று செல்போன் கடைக்காரர் கையை நீட்டினார்.

கொடுக்கவில்லை. முழு நீளத்தையே செங்குத்தாகத் தூக்கிக் குத்தினேன். தோள் பாதியில் கைவிட்டது. வெள்ளைப் பந்து மேஜையைவிட்டு எகிறி, பார்த்துக்கொண்டிருந்தவர்களின் நாற்காலிக்கு அடியில் உருண்டது. எதிராளி மூன்றே அடியில் முடித்துக்கொண்டார். வீட்டில் சந்தனத்தைப் பூசி ஜாயின்டை இறுக்கிவிட்டாள் என்று டீமில் சொன்னேன். சிரித்தார்கள். பழி ஓர் இடம் போய்ச் சேர்ந்ததில், வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

பஸ்ஸில் வழி நெடுக அவளை என்னென்ன கேட்க வேண்டும் என்று சேர்த்துக்கொண்டே வந்தேன். பொழுது சாயும் நேரம் வீட்டுக்குள் நுழைந்தபோது அவள் ரவிக்கைக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் ஆரம்பித்தேன்.

“ஒன்னைய யாரு இதுல சந்தனம் வெக்கச் சொன்னா? பெவிக்கால் மாதிரி புடிச்சிக்கிருச்சு. ஒன்னாலதான் தோத்தோம்.”

அவள் ஊசியைக் குத்திவைத்துவிட்டு ஸ்டிக்கை வாங்கினாள். மூச்சைப் பிடிக்கவில்லை, துணி சுற்றவில்லை. ஒரு திருகு. கழன்றுவிட்டது. மடியில் கிடந்த ரவிக்கைத் துணியில் ஒரு சிட்டிகை மஞ்சள் பொடி உதிர்ந்தது, அவ்வளவுதான். ஜாயின்ட் பிடித்துக்கொள்ளவே இல்லை. கேட்கச் சேர்த்துவைத்த அத்தனையும் போன இடம் தெரியவில்லை.

இரண்டு துண்டுகளையும் மெஷின் மேல் வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்:

“முன்னெல்லாம் ஊறுகா பாட்டில நீங்க தெறந்து குடுப்பீங்க. ரெண்டு வருசமா நாந்தான தெறக்குறேன். நீங்களா சொல்லுவீங்கன்னு பார்த்தேன், சொல்லல. ஒங்க கைக்குச் சந்தனம் வெக்க விடுவீங்களா? அதான் கம்புக்கு வெச்சேன்.”

எனக்கு அவ்வளவு அலுப்பாக இருந்தது. தோற்ற அலுப்பு இல்லை அது, இரண்டு வருடமாக மறைத்த அலுப்பு. கட்டிலில் உட்கார்ந்தேன்.

“வலிக்குது” என்றேன்.

எங்கே என்று அவள் கேட்கவில்லை. எழுந்து வந்து, சரியாக அந்த இடத்தில் கையை வைத்தாள்.