பட்டப்பகலில் மெயினை இறக்கியவன்

எதிரி விமானம் திருப்பூருக்கு வந்துவிட்டது என்று நான் நம்பினேன்!

சிரிக்காதீர்கள்... சரி, சிரியுங்கள். பனியன் மேல் குண்டு போட அவ்வளவு தூரம் எவன் வருவான் என்று நீங்கள் கேட்பது நியாயம்தான். எழுபத்தொன்றில் போர் நடந்த சமயம். சங்கு விட்டுவிட்டு ஊதினால் விளக்கை அணைத்துவிட்டுப் பள்ளத்தில் படுக்க வேண்டும் என்று டீக்கடையில் யாரோ சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டவன் நான்.

ஒரு மத்தியானம் மில் சங்கு நேரங்கெட்ட நேரத்தில் விட்டுவிட்டு ஊதியது. ஓடிப்போய், வீதிக்கே கரண்டு கொடுக்கும், வீதிக் கோடியிலிருந்த மெயின் சுவிட்சை இறக்கினேன். உச்சி வெயிலில், வெளிச்சம் தெரியக்கூடாதென்று! சூரியனுக்கு ஒரு சுவிட்ச் இருந்திருந்தால் அதையும் அணைத்திருப்பேன். பிறகு நொய்யல் கரைப் பள்ளத்தில் குப்புற விழுந்து காதைப் பொத்திக்கொண்டேன்.

சங்கு ஊதியது தீக்காக. மில்லுக்குப் பின்னால் கழிவுப் பஞ்சுக் கிடங்கு பற்றிக்கொள்ள, காற்று எங்கள் ஓலைக் கூரைகள் பக்கம் திரும்பியிருந்தது. வீதிக் கிணற்று மோட்டாரைப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள், ஓடவில்லை. வாளியில் இறைத்து எத்தனை கூரையை நனைப்பது? ஆட்கள் தப்பிவிட்டார்கள். நான் எழுந்து வந்தபோது வீதிதான் இல்லை...

அப்போதுதான் மெயின் நினைவு வந்தது. யாரும் பார்க்காமல் ஏற்றிவிட்டேன். மோட்டார் ஓடியது! கூடவே ஒரு பேச்சும் கிளம்பியது.

"மில்லுல கரண்டு இருந்துச்சுங்க. நம்ம மோட்டாரு மட்டும் நின்னுபோச்சு. காயில் சூடாயிருக்கும், ஆறுனதும் ஓடுது. போன வாரந்தான சின்னச்சாமி கட்டுனாரு?"

சின்னச்சாமி எரிந்துபோன மோட்டார்களுக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவர், வெள்ளகோவில்காரர், என் பக்கத்து வீடு. அவர் வீடும்தான் எரிந்தது. ஆனாலும் அவருக்கு இனி இங்கே இடம் கிடையாது என்றார்கள். நான் வாயைத் திறந்தால் போதும், அவர் இருப்பார். ஆனால் நான்?

வீதியை மறுபடி கட்டினோம். ஓலை வேண்டாம், ஓடுதான் என்று முடிவாயிற்று. பாதிப்பேர் ஷிப்டுக்குப் போக, மீதிப்பேர் மண் குழைத்தார்கள். என்னைவிட அதிகம் செங்கல் சுமந்தவன் கிடையாது. "இந்தாளு இருந்தா அலுப்பே தெரியறதில்லீங்க" என்றார்கள். குற்றவாளியைப் போல் வேலை செய்ய யாரால் முடியும், சொல்லுங்கள்!

இன்று எந்த வீட்டுக்குப் போனாலும் எனக்குச் சோறு உண்டு. எந்த வீட்டிலும் உட்காரத்தான் முடிவதில்லை. சிரிக்க வைத்துவிட்டு எழுந்து வந்துவிடுகிறேன். கல்யாணமும் செய்துகொள்ளவில்லை, தூக்கத்தில் உளறிவிட்டால்? அவர் திரும்பிப்போன வெள்ளகோவிலுக்கென்று பஸ் ஏறி, காங்கயத்திலேயே இறங்கித் திரும்பியிருக்கிறேன். கண்டக்டரிடம் வயிற்றுவலி என்றேன். அது பொய்யுமில்லை...

வீடுகளுக்கு எல்லை போட்ட நாளை மட்டும் சொல்லாமல் தள்ளிக்கொண்டே வருகிறேன், கவனித்தீர்களா? அதையும் சொல்லிவிடுகிறேன்.

முளைக்குச்சி அடித்து, பனியன் நூலை இழுத்துக் கட்டி, வீட்டுக்கு வீடு எல்லை குறித்தோம். நூல்கண்டு என் கையில். சின்னச்சாமி தம் இடத்துச் சாம்பல் மேல் மனைவியோடு நின்றிருந்தார்.

"ஏனுங் மாப்ள, அன்னிக்குக் காலைல மோட்டாரு நல்லா ஓடுச்சுல்லங்க? நீங்கதான தண்ணி புடிச்சீங்க. இவங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லுங்களே."

வீதியே என் முகத்தைப் பார்த்தது. நாக்கு நுனிவரை வந்துவிட்டது... நம்புங்கள்!

"எனக்கென்னுங்க தெரியும் மாமா? எங்கிட்டச் சொல்லிட்டா நின்னுச்சு மோட்டாரு?"

எல்லாரும் சிரித்தார்கள். அவர் மனைவி மட்டும் கீழே குனிந்து, கருகிய குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

நான் அவர்கள் இடத்துக்கு எல்லை குறிக்காமலே தாண்டி, அடுத்த முளையில் நூலைக் கட்டினேன்.